எஸ்டேட் காடி வாங்கப் போறீங்களா? பழைய வோல்வோ வேகனின் எஞ்சினை எப்படிச் சோதிப்பது

காலை மணி 7.30. சிரம்பான், தெமியாங்கில் ஒரு வீட்டின் பின்புறம். ரம்புத்தான் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது ஒரு வோல்வோ 240 வேகன். பெட்டி மாதிரி உடம்பு, நீளமான பின்பகுதி, வெயிலில் மங்கிப்போன நீல நிறம். விலை 12,000 வெள்ளி.

என் சித்தி மகனுக்கு வயது 24. நண்பர்கள் ஐந்து பேரோடு சேர்ந்து உறுமி மேளக் குழு நடத்துகிறான். கோயில் திருவிழா, கல்யாணம் என்று வாரக் கடைசியில் எல்லாம் வேலை. இதுவரை மேளங்களையும் ஸ்பீக்கரையும் இரண்டு, மூன்று காரில் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். "அக்கா, இது கிடைச்சா எல்லாம் ஒரே காடியில போயிடும்" என்றான். ஆறு பேரும் ஒரு வருஷமாகச் சேர்த்த பணம் அந்த 12,000 வெள்ளி. வேறு சேமிப்பு இல்லை.

எங்களோடு வந்தவர் ஒரு போமன் அங்கிள். சிரம்பானில் பல வருடங்களாகப் பழைய கார்களைப் பழுது பார்ப்பவர். அவர் கதவைத் திறக்கவில்லை, டயரை உதைக்கவில்லை. நேராகப் போய் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இன்னைக்கு வேணாம்லா. நாளைக்கு வருவோம்."

ஏன்? அந்த ஒரு கேள்விக்கான பதிலில் இருந்தே பழைய கார் வாங்கும் பாடம் தொடங்குகிறது. (விற்பவர், பட்டறை ஆகியோரின் விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.)

முதலில், 'எஸ்டேட்' கார் என்றால் என்ன?

நெகிரி செம்பிலானில் 'எஸ்டேட்' என்றால் ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம். நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த இடம். ஆனால் பிரிட்டிஷ்காரர்களின் ஆங்கிலத்தில் 'எஸ்டேட் கார்' என்றால், பின்பக்கம் வரை கூரை நீண்டு, பொருள் ஏற்ற இடம் உள்ள கார். கிராமப்புறத்தில் பெரிய நிலபுலன் வைத்திருந்தவர்கள் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் இருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிய வண்டி என்பதால் 'ஸ்டேஷன் வேகன்' என்றார்கள். இரண்டும் ஒரே வகை கார்தான். நம் ஊரில் சுருக்கமாக 'வேகன்'.

அதில் வோல்வோ 240க்கு மலேசியாவில் தனி இடம் உண்டு. 1967இல் ஷா ஆலம், பத்து தீகாவில் வோல்வோவின் பொருத்தும் தொழிற்சாலை தொடங்கியது. நாட்டின் முதல் கார் பொருத்தும் தொழிற்சாலை அதுதான். அரசாங்க உயரதிகாரி வருகிறார் என்றால் வோல்வோ வருகிறது என்று அர்த்தம், அப்படி ஒரு காலம் இருந்தது.

240 வரிசை 1974இல் இருந்து 1993 வரை தயாரானது. மொத்தம் 28 லட்சத்துக்கும் மேல். தொடக்கத்தில் வேகனுக்கு '245' என்று பெயர். முதல் எண் 200 வரிசையைக் குறிக்கும். நடு எண் நான்கு சிலிண்டர், கடைசி எண் ஐந்து கதவு. 1980களில் இந்த எண் முறையைக் கைவிட்டு எல்லாவற்றையும் '240' என்றே அழைத்தார்கள். அதனால் விளம்பரத்தில் '245' என்றும் '240 எஸ்டேட்' என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்?

காரைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது. வாங்கும் விலை ஒரு முறைதான். சாலை வரி வருஷா வருஷம்.

தீபகற்ப மலேசியாவில் தனிநபர் காருக்கான சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. வேகனும் சலூன் கட்டணத்தில்தான் வரும். 1,801 முதல் 2,000 சிசி வரை அடிப்படை 280 வெள்ளி. 1,800க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். 2,001 முதல் 2,500 வரை அடிப்படை 380 வெள்ளி. 2,000க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி. 2,501 முதல் 3,000 வரை அடிப்படை 880 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50 வெள்ளி.

இப்போ கணக்குப் போடலாம். 240இல் உள்ள 2.3 லிட்டர் எஞ்சின் 2,316 சிசி. அதாவது 380 கூட்டல் 316, மொத்தம் 696 வெள்ளி. அதே காரில் 1,986 சிசி எஞ்சின் இருந்தால் 373 வெள்ளிதான். ஒப்பிட்டுப் பார்க்க, 1.5 லிட்டர் மைவிக்கு 90 வெள்ளி. மூன்று லிட்டர் மெர்சிடிஸ் வேகன் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 2,000 வெள்ளிக்கு மேல் போகும். 'விலை மலிவா இருக்கே' என்று வாங்கிய பலர் முதல் சாலை வரியில்தான் விழிக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் ரொக்கம்தான். முழுக் காப்புறுதி கொடுக்கவும் நிறுவனங்கள் தயங்கும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

எஞ்சின் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்?

இப்போது பானட் கதைக்கு வருவோம். காலை 7.30க்கே பானட் சூடாக இருந்தது. யாரோ எஞ்சினை ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள். "சந்தைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

குளிர்ந்த எஞ்சினில்தான் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தெரியும். இரவு முழுக்க வால்வு வழியாகக் கசிந்த எண்ணெய், முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாக வெளியே வரும். தேய்ந்த பாகங்களின் தட்டும் சத்தமும் முதல் சில வினாடிகளில்தான் நன்றாகக் கேட்கும். சூடானதும் உலோகம் விரிந்து, எண்ணெய் பரவி, எல்லாம் அமைதியாகிவிடும்.

அதனால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." சொல்லியும் சூடாக இருந்தால், சண்டை போட வேண்டாம். மறுநாள் வருகிறோம் என்று சொல்லிக் கிளம்புங்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஸ்டார்ட் பண்ணும் முன் என்ன பார்க்கலாம்?

மறுநாள் காலை பானட் ஜில்லென்று இருந்தது. அங்கிள் ஒன்றொன்றாகக் காட்டினார். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கைப்பேசி டார்ச்சும் ஒரு பழைய துணியும் போதும்.

எஞ்சின் எண்ணெய்: டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். எண்ணெய் கருப்பாக இருப்பது குற்றம் இல்லை. மிஞ்யாக் ஹீத்தாம் என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? அளவு குறைந்திருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா, தார் மாதிரி கட்டியாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மூடி: மூடியின் உட்புறம் தே தாரிக் நுரை மாதிரி வெளிறிய பசை ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருப்பதற்கான அறிகுறி அது. ஆனால் அவசரப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில், எஞ்சின் முழுசாகச் சூடாகாமல் ஈரம் தங்கியும் இந்தப் பசை வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் இருந்தால்தான் கவலை.

கூலண்ட்: ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். உள்ளே கூலண்ட் சுத்தமான நிறத்தில் இருக்கிறதா? துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் என்றால், வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் மறுபடியும் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

வயர்கள்: 240 வாங்குபவர்கள் தவறவிடக் கூடாத இடம். 1980களின் பெரும்பகுதியில் வந்த 240களில் எஞ்சின் பக்கத்து வயர்களின் மேலுறை, சூட்டில் காய்ந்து பிஸ்கட் மாதிரி உதிரும் தன்மை உடையது. எஞ்சினுக்கு அருகில் உள்ள ஒரு வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை உதிர்ந்தால், அந்த வயர்த் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் எஞ்சின் அணைவது, மறுபடி ஸ்டார்ட் ஆவது எல்லாம் பல சமயம் இதனால்தான்.

டைமிங் பெல்ட்: எஞ்சினின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே தாளத்தில் சுழல வைக்கும் ரப்பர் பட்டை இது. 240இல் இருக்கும் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், ஆனால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. புது பெல்ட் போட்டு ஓட்டலாம். பின்னால் வந்த வோல்வோ 850, வி70 ஆகியவற்றின் ஐந்து சிலிண்டர் எஞ்சினில் கதை வேறு. அங்கே பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து பெரிய செலவு வைக்கும். எந்தக் காராக இருந்தாலும், 'கடைசியா எப்போ மாத்துனீங்க, ரசீது இருக்கா?' என்று கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓடிய தூரத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். எங்கள் காரின் மீட்டர் 1,87,000 கிலோமீட்டர் காட்டியது. என் தம்பிக்கு சந்தோஷம். அங்கிள் சிரித்தார்.

240இன் தூர மீட்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பற்சக்கரம் உண்டு. வயதாக ஆக அது உடைந்துபோவது இந்தக் காரின் புகழ்பெற்ற குறை. வேகமுள் வழக்கம்போல் வேலை செய்யும், தூரம் மட்டும் அப்படியே நின்றுவிடும். அதாவது யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே மீட்டர் பொய் சொல்லலாம். ஓட்டிப் பார்க்கும்போது கடைசி எண் நகர்கிறதா என்று கவனியுங்கள். எங்களுடையது நகரவே இல்லை. சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீது, எண்ணெய் மாற்றிய ஸ்டிக்கர் ஆகியவைதான் கொஞ்சம் நம்பத்தக்க சாட்சிகள்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். புகைபோக்கியில் இருந்து வருவதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள்.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் வந்து மறைந்தால் வால்வு சீல் காய்ந்திருக்கலாம், சரிசெய்யக்கூடியது. எண்ணெய் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது எஞ்சினைப் பிரிக்கும் வேலை.

வெள்ளைப் புகை, குளிர்ந்த காலையில் முதல் ஓரிரு நிமிடம் வந்தால் வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் எரிகிறது.

கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ சீர்செய்ய வேண்டும். எஞ்சினுக்கு உடனே ஆபத்து இல்லை, பர்ஸுக்கு ஆபத்து.

அடுத்து அங்கிள் செய்தது எனக்குப் புதுசு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். அந்தத் துளையில் இருந்து புஸ் புஸ் என்று புகை வந்தது. என் தம்பியின் முகம் வாடிப்போனது.

"பயப்படாத தம்பி. இது மூச்சு அடைச்சிருக்கு" என்றார்.

விளக்கம் இதுதான். எஞ்சினுக்குள் உருவாகும் வாயு வெளியேற ஒரு சுவாசப் பாதை உண்டு. 240இல் அந்தப் பாதையில் 'ஃபிளேம் ட்ராப்' என்ற சின்ன வடிகட்டி இருக்கிறது. அது எண்ணெய்க் கசடில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். எஞ்சின் முழுக்க எண்ணெய்க் கசிவாகத் தெரியும். அந்தப் பாகம் மலிவு, சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் அடைப்பு நீங்கிய பிறகும் புகை வந்தால், பிரச்சினை பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது. இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அடுத்த சோதனை.

கம்ப்ரஷன் சோதனை: எஞ்சினின் ரத்தப் பரிசோதனை

மற்ற எல்லாம் வெளியே இருந்து ஊகிப்பது. கம்ப்ரஷன் சோதனை ஒன்றுதான் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும். பழைய எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

முறை இப்படி: எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி அணைப்பார்கள். பெட்ரோலும் மின்பொறியும் வராமல் துண்டிப்பார்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றுவார்கள். ஒரு துளையில் அளவுமானியை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்று சுற்றவிடுவார்கள். அந்தச் சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை முள் காட்டும். இப்படியே நான்குக்கும்.

எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது முக்கியம். பொதுவாகப் பத்து விழுக்காட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவு என்றால், அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சோதிப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் கசிவு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

கழற்றிய பிளக்குகளையும் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமான எண்ணெய்ப் பசை என்றால் அந்தச் சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்குகிறது.

எங்கள் காருக்கு வந்த எண்கள்: 150, 145, 150, 150 பிஎஸ்ஐ. "எஞ்சின் நல்ல எஞ்சின்லா" என்றார் அங்கிள். அடைத்திருந்தது வெறும் சுவாசப் பாதைதான்.

இந்தச் சோதனையை விற்பவர் அனுமதிக்க மறுத்தால்? அதுவே ஒரு பதில்தான்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

சாலை வரியும் காப்புறுதியும் உயிரோடு இருந்தால் மட்டும் சாலைக்கு எடுங்கள். தாமானுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவது சோதனை இல்லை. ஏற்றம் வேண்டும், நெரிசலும் வேண்டும். சிரம்பான் பக்கம் இருப்பவர்களுக்கு கோலா பிலா போகும் வழியில் உள்ள புக்கிட் புத்துஸ் ஏற்றம் நல்ல தேர்வுக்களம்.

ஏறும்போது வெப்பமுள் மேலே போகிறதா பாருங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, கீழே வந்ததும் மறுபடி மிதியுங்கள். அந்த நொடி பின்னால் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல், வால்வு கைடு தேய்மானம்.

திரும்பி வந்ததும் அணைக்காதீர்கள். ஏர்கோண்டைப் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். இந்தக் கார் சுவீடன் நாட்டுக் குளிருக்குப் பிறந்தது. நம் ஊர் மதிய வெயிலில், டோல் வரிசையில் நிற்கும்போது ரேடியேட்டரும் விசிறியும் தாங்குமா என்பது இங்கேதான் தெரியும். எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்குகிறதா என்பதையும் பாருங்கள்.

ஏர்கோண்டிலும் ஒரு விஷயம் உண்டு. 1990களின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்12 வாயு பயன்பட்டது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987இன் மொண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அது ஒழிக்கப்பட்டது. கார் ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஹெட் கேஸ்கெட் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், பட்டறையில் ஒரு இரசாயனச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள். எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிந்தால் திரவம் மஞ்சளாக மாறும்.

வேகன் என்பதால் கூடுதலாக என்ன?

பின்கதவைப் பல முறை திறந்து மூடுங்கள். 240 வேகனில் பின்கதவுக்குப் போகும் வயர்கள் கீல் பக்கம் வளைந்து வளைந்து அறுந்துபோகும். பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு வேலை செய்யவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். பின் கண்ணாடியைச் சுற்றியும், தரைவிரிப்பைத் தூக்கி ஸ்பேர் டயர் குழியிலும் துரு, தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்.

மெர்சிடிஸ் வேகன் பார்ப்பவர்களுக்கு: 1970களின் இறுதியில் இருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த வேகன்களில், பாரம் ஏற்றினால் பின்பக்கத்தைத் தானே சமன் செய்யும் ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. பின்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். மரக்கட்டை மாதிரி இறுக்கமாக இருந்தால் அந்த அமைப்பில் செலவு காத்திருக்கிறது. அந்த எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சங்கிலி கலகலக்கும் சத்தம் நீடித்தால் கவனம்.

வி70 போல கொஞ்சம் புதிய கார் என்றால் கைப்பேசியோடு இணையும் ஓபிடி கருவி உதவும். ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு இந்த வசதி கட்டாயம். பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் உள் சோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டினால், யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கலாம்.

கிரானில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றா?

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். என் தம்பி 500 வெள்ளி முன்பணத்தைக் கையில் எடுத்துவிட்டான். அப்போதுதான் அங்கிள் கிரானைக் கேட்டார்.

கிரான் என்றால் வாகன உரிமைச் சான்றிதழ். அதில் பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் எல்லாம் இருக்கும். வங்கியின் உரிமைக் கோரிக்கை பதிவாகி இருந்தால் அதுவும் தெரியும். எஞ்சின் எண் எஞ்சின் பிளாக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், இடம் மாடலுக்கு மாடல் மாறும். அங்கிள் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் படித்தார். சேசிஸ் எண் சரி. எஞ்சின் எண் சரியில்லை.

விற்பவர் மறைக்கவில்லை. "அப்பா காலத்துல எஞ்சின் மாத்துனாங்க. அதுவும் வோல்வோ எஞ்சின்தான்" என்றார். நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை. ஹாஃப்-கட் கடையில் நல்ல எஞ்சின் கிடைக்கும், பழைய எஞ்சினைச் செப்பனிடுவதைவிட மலிவாகவும் இருக்கும். மாற்றுவது தப்பு இல்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவிடம், அதாவது ஜேபிஜேயிடம், முறைப்படி பதிவு செய்யாமல் விடுவதுதான் தப்பு.

விளைவு என்ன? பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பி5 சோதனை செய்வார்கள். அங்கே சேசிஸ், எஞ்சின் எண்களைப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் பெயர் மாறாது. பணம் கொடுத்தது நீங்கள், கார் இன்னொருவர் பேரில். அந்த எஞ்சின் திருட்டுக் காரில் இருந்து வந்ததாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரியது. விபத்து நடந்தால் காப்புறுதியிலும் கேள்வி வரும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: "புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சு, அப்போ எஞ்சின் நல்லா இருக்கு." இல்லை. பி5 முக்கியமாக வாகனத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சோதனை. எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு அது சான்றிதழ் அல்ல. அடையாளமும் ஆரோக்கியமும் தனித்தனி, இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

கார் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எங்களைப் போல ஒரு தனி நபரிடம், அவர் வீட்டுப் பின்புறத்தில் வாங்கினால் அந்த வழி இல்லை. அதனால்தான் பணம் கைமாறும் முன் செய்யும் சோதனைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்தால், எந்த நிபந்தனையில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி என்ன முடிவு எடுத்தான்?

500 வெள்ளியை மறுபடி பர்ஸில் வைத்தான். எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் கோயில் திருவிழா, நண்பர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் படம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விற்பவரிடம் அவனே பேசினான்: "அங்கிள், காடி எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க எஞ்சின் நம்பரை ஜேபிஜேல சரி பண்ணிட்டு, பி5 பாஸ் ஆனதும் சொல்லுங்க. அன்னைக்கே முழுப் பணத்தோட வர்றேன்." எஞ்சின் எங்கே வாங்கப்பட்டது என்பதற்கான பழைய ரசீதைத் தேடிப் பார்ப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் அலமாரியில் இருக்கலாமாம்.

ஆக, சுருக்கமாக:

1. போகும் முன் சாலை வரி, காப்புறுதிக் கணக்குப் போடுங்கள்.
2. குளிர்ந்த எஞ்சினைத்தான் பாருங்கள்.
3. எண்ணெய், கூலண்ட், வயர், டைமிங் பெல்ட், புகை ஆகியவற்றை நீங்களே பார்க்கலாம்.
4. கம்ப்ரஷன் சோதனையை ஒரு போமனிடம் விடுங்கள்.
5. ஏற்றத்தில் ஓட்டுங்கள், நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள்.
6. கிரானில் உள்ள எண்களை நீங்களே காரில் தேடிப் படியுங்கள்.
7. பிறகுதான் பணம்.

இந்தக் கட்டுரை எழுதும்போது அந்த ரசீது இன்னும் கிடைக்கவில்லை. வேகன் தெமியாங்கில் அதே ரம்புத்தான் மரத்தடியில் நிற்கிறது. ஆறு பேரின் 12,000 வெள்ளியும் பத்திரமாக வங்கியில் இருக்கிறது. இந்த வாரத் திருவிழாவுக்கு உறுமி மேளம் மறுபடி மூன்று காரில் போகிறது.